நாலறை வீட்டு ஹாலுக்கு 5.1 ஆல்-இன்-ஒன் செட்: எதைப் பார்த்து வாங்குறது?

தெங்காவாசி · வியாழன், இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம்தான் சிங்கப்பூர் தெங்காவுல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டின புது பிடிஓ வீட்டுச் சாவி கையில கிடைச்சது. நாலறை வீடு. 65 இன்ச் டிவியைச் சுவத்துல மாட்டியாச்சு. இனி சத்தத்துக்கு ஒரு வழி பண்ணணும்.

பழைய பொருள் விக்கிற கேரோசெல் ஆப்புல ஒரு செட் பார்த்து வச்சிருக்கேன். பழைய ரகம்: புளூ-ரே பிளேயரும் ஸ்பீக்கருக்குச் சக்தி குடுக்கிற ஆம்பும் சேர்ந்த ஒரே பெட்டி, குட்டி ஸ்பீக்கர் அஞ்சு, அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர் (அதான் 5.1). அட்டையில 1000 வாட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பிடோக்ல ஒரு அங்கிள் 220 வெள்ளிக்குக் குடுக்குறார்.

வீட்டுல மூணு கட்சி. அப்பாவுக்குப் பழைய பாட்டு. அம்மாவுக்கு வசந்தம் டிவி நாடகம். "பேசுறது ஒண்ணும் விளங்கல, இடி இடிக்கிறது மட்டும் நல்லா விழுது"ன்னு தினமும் புலம்பல். மனைவிக்கு ஒரே நிபந்தனை: தரையில ஒயர் தெரியக்கூடாது. எனக்கு ஆசை ஒண்ணுதான். படத்துல மழை பெய்ஞ்சா என் முதுகுக்குப் பின்னாடி பெய்யணும்.

இந்த மாதிரி செட்டை எப்படிச் சோதிக்கிறது? கடையில போட்டுக் காட்டினா எல்லாமே நல்லாத்தான் கேக்குது.

தேக்கா அண்ணன் · வியாழன், இரவு 10:31

தம்பி, முதல்ல அந்த 1000 வாட்டை மறந்துடுங்க. பெட்டியைத் திருப்பிப் பின்னாடி லேபிளைப் படிங்க. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே எத்தனை வாட் கரண்ட் இழுக்கும்னு இருக்கும். இந்த ரகத்துல அது அட்டையில போட்ட எண்ணுக்குக் கிட்டக்கூட வராது. நூறு வெள்ளி சம்பளக்காரன் மாசம் ஆயிரம் வெள்ளி செலவு பண்றேன்னா நம்புவீங்களா?

அந்த ஆயிரம் எப்படி வருதுன்னா, ஆறு சேனல் (ஸ்பீக்கருக்கு ஒண்ணு), ஒவ்வொண்ணுக்கும் 165 வாட் பக்கம், எல்லாத்தையும் கூட்டிப் போட்டுடுவாங்க. ஒவ்வொரு சேனலையும் 10 சதவீதம் சிதறல், அதாவது ஒலி கரகரன்னு கெட்டுப்போறது, வர்ற வரைக்கும் முறுக்கி அளந்த கணக்கு அது. 10 சதவீதச் சிதறல்ல பாட்டுக் கேட்டா காது கூசும். அளந்தவனே ரசிச்சிருக்க மாட்டான்.

இன்னொண்ணு. வாட் ரெண்டு மடங்கானா சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு ரெண்டு மடங்காத் தோணணும்னா வாட் பத்து மடங்கு வேணும். நம்ம ஹால் அளவுக்கு வீட்டுல சாதாரணமாப் படம் பார்க்கிறப்ப ஒரு ஸ்பீக்கருக்குச் சில வாட் போனாலே தாராளம்.

கம்பிக்காரன் · வியாழன், இரவு 10:58

சோபா எங்க போடப் போறீங்க? அதைச் சொல்லாம செட்டைப் பத்திக் கேக்குறது, கால் அளவு சொல்லாம சப்பாத்து வாங்குற மாதிரி.

தெங்காவாசி · வியாழன், இரவு 11:04

டிவி சுவத்துலேருந்து எதிர்ச் சுவத்துக்கு 3.3 மீட்டர். சோபா எதிர்ச் சுவத்தோட ஒட்டி. உட்கார்ந்தா இடது கைப்பக்கம் ஜன்னல். வலது கைப்பக்கம் சுவரே கிடையாது, சாப்பாட்டு மேசை, அதைத் தாண்டி அடுப்படி.

கம்பிக்காரன் · வியாழன், இரவு 11:40

நினைச்சேன். வீவக வீட்டுல முக்கால்வாசிப் பேர் கதை இதுதான். நான் வீடு வீடா ஒயர் இழுக்குறவன், இந்த ஹாலை நூறு தடவை பார்த்திருக்கேன்.

5.1னு சொன்னா நேரா டிவியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறப்ப முன் ஸ்பீக்கர் ரெண்டும் இடமும் வலமும் 30 டிகிரியில இருக்கணும், பின் ஸ்பீக்கர் ரெண்டும் 100லேருந்து 120 டிகிரிக்குள்ள. அதாவது தோள்பட்டையை ஒட்டி, கொஞ்சம் பின்னாடி. நிறையப் பேர் பின் ஸ்பீக்கர்னா முதுகுக்கு நேர் பின்னாடின்னு நினைச்சுக்கிட்டு சுவத்து மூலையில மேல ஏத்தி மாட்டச் சொல்றாங்க. அப்புறம் பின்னாடி ஒண்ணும் கேக்கலைன்னு எனக்கே போன் வரும்.

உங்க சோபா சுவத்தோட ஒட்டியிருக்கு. தலைக்குப் பின்னாடி இடமே இல்ல. அதனால உங்களுக்கு ரெண்டே வழி. சோபாவை ஒரு 40 சென்டிமீட்டர் முன்னாடி இழுக்கணும், இல்லாட்டி பின் ஸ்பீக்கரை ரெண்டு கைப்பக்கமும் 90 டிகிரியில, காதுக்கு ஒரு முழம் மேல வைக்கணும். ஒரு முழம் மேல ஏன்னா, காது மட்டத்துல வச்சா ஓரத்துல உட்கார்ற ஆளுக்கு அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் கேக்கும்.

இடது பக்கம் ஜன்னல் ஓரச் சுவத்துல மாட்டிடலாம். வலது பக்கம் சுவரே இல்லைன்னா ஸ்டாண்டுதான். சாப்பாட்டு மேசைக்குப் போற வழியில ஸ்டாண்ட் நிக்கும், அதை மனைவிகிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க.

ரெண்டு பக்கமும் தூரம் ஒண்ணா இருக்காது. அதுக்குத்தான் செட்டிங்ல ஸ்பீக்கர் தூரம்னு ஒண்ணு இருக்கும். 34 சென்டிமீட்டருக்கு ஒலி ஒரு மில்லிசெகண்ட் எடுத்துக்கும். கிட்ட இருக்கிற ஸ்பீக்கரை அந்தக் கணக்குல செட்டே தாமதப்படுத்தும். அளவு டேப் எடுத்து உட்கார்ற இடத்துலேருந்து அளந்து போடுங்க. சும்மா எல்லாத்துக்கும் 3 மீட்டர்னு விட்டுடாதீங்க. செகண்ட்ஹேண்ட்ல இந்த செட்டிங் இருக்கான்னு பாருங்க, மலிவு ரகத்துல சிலதுல இருக்காது.

சந்தேகப்பிராணி · வெள்ளி, காலை 7:20

இவ்வளவு கூத்து எதுக்கு? 220 வெள்ளிக்கு ஆறு பிளாஸ்டிக் டப்பா வாங்குறதுக்கு, அதே காசுக்கு செகண்ட்ஹேண்ட்ல நல்ல ஸ்பீக்கர் ரெண்டும் ஒரு ஸ்டீரியோ ஆம்பும் கிடைக்கும். ஒரு மத்தியானம் ஆடியோ கடைகள் இருக்கிற அடெல்ஃபி பக்கம் போய் ரெண்டே ரெண்டு ஸ்பீக்கர்ல பாட்டுக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

தேக்கா அண்ணன் · வெள்ளி, காலை 7:52

அடெல்ஃபியில உட்கார்ந்து கேட்டுட்டு 220 வெள்ளியோட யாராவது வெளிய வந்திருக்காங்களாய்யா?

ஆனா நீங்க சொல்றது அப்பா விஷயத்துல சரி. எழுபதுகள் வரைக்கும் வந்த நம்ம சினிமாப் பாட்டு பெரும்பாலும் மோனோ. அதை அஞ்சு ஸ்பீக்கர்ல பரப்பினா குரல் ஹால் முழுக்கக் கரைஞ்சு, பாடுறவர் குளியலறையில நின்னு பாடுற மாதிரி இருக்கும். செட்ல "ஸ்டீரியோ" இல்ல "டைரக்ட்"னு ஒரு பட்டன் உண்டான்னு பாருங்க. அப்பா பாட்டுக் கேக்குறப்ப அதை அமுக்கிடணும்.

பொங்கோல் அக்கா · வெள்ளி, மதியம் 12:45

அம்மா பிரச்சினைக்கு யாரும் பதில் சொல்லலையே, எல்லாரும் வாட்டும் டிகிரியும் பேசிக்கிட்டு! எங்க வீட்டுலயும் மாமியாருக்கு இதே குறை. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் காரணம் புரிஞ்சது.

5.1ல எடுத்த படத்துல வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்ல வரும். இசை, இடி, கார் மோதல் எல்லாம் மத்ததுல. அதனால மொத்தச் சத்தத்தையும் ஏத்தாம, செட்டிங்குள்ள போய் நடு ஸ்பீக்கரை மட்டும் 3, 4 டெசிபல் ஏத்துங்க. அம்மா முகம் மாறும் பாருங்க. கூடவே "நைட் மோட்"னு ஒண்ணு இருக்கும். பெருஞ்சத்தத்தை அடக்கி மெல்லிய சத்தத்தை எடுத்துக் குடுக்கும். மாமியார் பார்க்கிறப்ப பட்டப்பகல்லயே அதைத்தான் போட்டு விடுறேன்.

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. நாடகம் வர்றது ஸ்டீரியோலன்னா அதுல நடு சேனலே கிடையாது. அப்ப நடு ஸ்பீக்கர் சும்மா உட்கார்ந்திருக்கும், நீங்க அதை எவ்வளவு ஏத்தினாலும் பிரயோஜனம் இல்ல. டால்பி புரோ லாஜிக் மாதிரி ஸ்டீரியோவைப் பிரிச்சுக் குடுக்கிற மோட் செட்ல இருந்தா போடுங்க, வசனம் நடுவுக்கு வந்துடும்.

அடுத்தது டிவி செட்டிங். இதுலதான் பாதிப் பேர் ஏமாந்து போறது. டிவியோட ஆடியோ அவுட்புட் "பிசிஎம்"ல இருந்தா பல டிவி 5.1ஐ ரெண்டாச் சுருக்கித்தான் அனுப்பும். அதை "ஆட்டோ" இல்ல "பிட்ஸ்ட்ரீம்"னு மாத்தணும். நாங்க புது செட் வாங்கி எட்டு மாசம் அதைத் தெரியாமலே பார்த்துக்கிட்டிருந்தோம். பின் ஸ்பீக்கர்ல ஏதோ சத்தம் வருது, சரௌண்டுதான்னு நினைச்சுக்கிட்டோம். அது முன்னாடி வர்ற அதே சத்தம்தான், செட் தானா நகல் எடுத்துப் பின்னாடி அனுப்பிக்கிட்டிருந்தது.

அப்புறம் ஒயர். "வயர்லெஸ்" ரியர் (பின் ஸ்பீக்கர்)னு போட்டிருந்தா நம்பாதீங்க தம்பி. முன்னாடியிலேருந்து சிக்னல்தான் ஒயர் இல்லாம வரும். பின்னாடி அதுக்குன்னு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு பவர் பிளக், அதுலேருந்து ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒயர். சோபாவுக்குப் பின்னாடி பிளக் பாயிண்ட் இருக்கான்னு பார்த்துக்குங்க. எங்க வீட்டுல தரையில கிடந்த ஒயரை ரோபோ வேக்கம் சுருட்டி இழுத்து, இடது ஸ்பீக்கர் மேசையிலேருந்து தலைகீழா விழுந்தது. இன்னும் ஒரு மூலை நசுங்கித்தான் இருக்கு.

பழைய ஆம்ப் · வெள்ளி, மாலை 6:15

இளையவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

என் முதல் 5.1, கிரியேட்டிவ் நிறுவனத்தின் கணினி ஸ்பீக்கர்தான். நம் ஊரில் 1981ல் சிம் வோங் ஹூ தொடங்கிய நிறுவனம். 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்து, பீப் பீப் என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த கணினியைப் பேசவும் பாடவும் வைத்தவர்கள். 2023 ஜனவரியில் அவர் காலமான செய்தியைப் பார்த்த அன்று, அலமாரியிலிருந்து அந்தப் பழைய சப்வூஃபரை எடுத்துத் துடைத்து வைத்தேன். அது இன்னமும் வேலை செய்கிறது. சரி, கதைக்கு வருகிறேன்.

அதற்குப் பிறகு ஒரு ஆல்-இன்-ஒன் செட் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. ஏழாவது ஆண்டில் ஒரு நாள் திடீரென்று திரையில் "புரொடெக்ட்" என்று காட்டி அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் மூன்று வினாடி, மறுபடி அணைவு. பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றி என்னை அருகில் கூப்பிட்டார். உள்ளே பச்சை அட்டையின் மேல் ஒரு பல்லி. வால் ஒரு இணைப்பிலும் முன்னங்கால் இன்னொரு இணைப்பிலுமாக, பப்படம் போலக் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. வெப்பம் தேடிப் போயிருக்கிறது, பாவம். ஆம்ப் சிப் போய்விட்டது. மாற்றுச் சிப் கிடைக்கவில்லை.

அப்போதுதான் இந்த வகை செட்டின் உண்மையான குறை புரிந்தது. ஆம்ப் போனால் ஆம்பை மட்டும் மாற்றலாமே என்று பார்த்தால், ஸ்பீக்கர்களின் மின்தடை 3 ஓம். வெளியில் கிடைக்கும் ஆம்ப்கள் பெரும்பாலும் 6 ஓம், 8 ஓமுக்குச் செய்தவை. ஒயரின் முனையிலும் அந்தக் கம்பெனிக்கே உரிய பிளக். சப்வூஃபருக்குள் ஆம்ப் இல்லை, அதற்கும் அந்தப் பெட்டிதான் உயிர். ஒரு பல்லிக்காக ஆறு ஸ்பீக்கரையும் தூக்கிப் போட்டேன். ஆல்-இன்-ஒன் என்றால் வாங்குவதும் ஒன்றாக, சாவதும் ஒன்றாக.

பழையது வாங்குவதானால் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். சப்வூஃபரின் முன் வலையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடவும். ஃபோம் வளையமாக இருந்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் ஊறிப்போன பிஸ்கட்போல உதிரும். ரப்பராக இருந்தால் பிழைக்கும்.

மற்றொன்று, வட்டு. முஸ்தபாவிலோ ஊரிலோ வாங்கிய வட்டுகள் வீட்டில் இருந்தால் நினைவில் கொள்ளவும்: டிவிடிக்குச் சிங்கப்பூர் 3ஆம் மண்டலம், இந்தியா 5. புளூ-ரேக்குச் சிங்கப்பூர் ஏ, இந்தியா சி. மண்டலப் பூட்டு இல்லாத வட்டுகள் ஓடும், பூட்டு உள்ளவை ஓடாது. சோதிக்கப் போகும்போது உங்கள் வட்டையே எடுத்துச் செல்லுங்கள்.

இரவுப்பணி · வெள்ளி, இரவு 8:03

எல்லாரும் வாங்குறவங்க பக்கத்துலேருந்தே பேசுறீங்க. நான் கீழ் வீட்டுக்காரன் பக்கம் பேசுறேன்.

எனக்கு நைட் ஷிஃப்ட். பகல்லதான் தூக்கம். மேல் வீட்டுல என்ன படம் ஓடுதுன்னு எனக்குத் தெரியும். வசனம் ஒரு எழுத்துக்கூடக் கேக்காது. ஆனா ஹீரோ நடந்து வர்றது, கதவை உதைக்கிறது, கார் பறக்கிறது, எல்லாம் என் கட்டில் காலுக்கு வரும். 40 ஹெர்ட்ஸ் ஒலியோட அலை நீளம் எட்டரை மீட்டர். அதுக்கு உங்க ஜன்னல் திரையும் கம்பளமும் ஒரு பொருட்டே இல்ல. சப் தரையில உட்கார்ந்திருந்தா ஸ்லாபே ஸ்பீக்கராயிடும்.

சப்பைத் தரையில நேரா வைக்காதீங்க. அடர்த்தியான ரப்பர் இல்ல ஃபோம் பட்டை அடியில போடுங்க. முழுசா நிக்காது, ஆனா பாத்திரம் கிடுகிடுங்கிறது நிக்கும். மூலையில ஒட்டி வைக்காதீங்க, மூலை பேஸை ஊதிப் பெருக்கும். சப்போட சத்தத்தைப் பாதிக்குக் குறைச்சாலே உங்க ஹாலுக்குப் போதும்.

நேரமும் பாருங்க. இரவு 10.30லேருந்து காலை 7 வரைக்கும் அமைதி நேரம்னு ரொம்ப நாளா இருந்தது. 2022ல அக்கம்பக்க இரைச்சலுக்குன்னு அமைச்ச சமூக ஆலோசனைக் குழு, அதை 10லேருந்து 8 வரைக்கும் நீட்டணும்னு சொல்லுச்சு. நீங்க 10ன்னே வச்சுக்குங்க. சமூக மத்தியஸ்த நிலையம் வரைக்கும் போய் உட்கார்ந்துட்டு வந்தவன் சொல்றேன். அங்க போனதுக்கப்புறம் லிஃப்ட்ல பார்த்தா ரெண்டு பேருக்கும் பேச்சு வராது.

கம்பிக்காரன் · வெள்ளி, இரவு 8:40

மேல ஒண்ணு சேர்த்துக்குறேன். சப் எங்க வேணா வைக்கலாம், காது கண்டுபிடிக்காதுன்னு சொல்வாங்க. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ அது சரி. ஆனா இந்த ஆல்-இன்-ஒன்ல குட்டி ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதான். அதுக்கு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ மூச்சு வராது. அதனால அந்த இடைவெளியையும் சப்தான் ரொப்பும். அதுல ஆம்பளைக் குரலோட அடிப்பகுதியும் சேர்ந்துடும். அந்த சப்பைக் கொண்டுபோய் சோபாவுக்குப் பின்னாடி வச்சீங்கன்னா வில்லன் டிவியில வாயசைப்பான், குரல் பாதி உங்க இடுப்புக்குப் பின்னாடி வரும். முன்னாடி, டிவி மேசைக்குப் பக்கத்துலயே வைங்க.

தெங்காவாசி · சனி, மாலை 5:26

இன்னைக்கு பிடோக் போய்ட்டு வந்தேன். முழுசாச் சொல்றேன், எனக்கே சிரிப்பா இருக்கு.

அங்கிள் ரொம்ப நல்லவர். செட்டைத் துடைச்சு ரெடியா வச்சிருந்தார். முதல்ல பின்பக்க லேபிள். தேக்கா அண்ணன் சொன்ன மாதிரியே ரெண்டு இலக்கம்தான்! 1000 வாட் செட், நூறு வாட்கூட இழுக்கல. வட்டு வைக்கிற தட்டு வெளிய வர ரெண்டு தடவை பெட்டி மேல தட்ட வேண்டியிருந்தது. நான் கொண்டுபோன ஊர் வட்டு ஓடல, அங்கிள் வச்சிருந்தது ஓடிச்சு.

அப்புறம் டெஸ்ட் டோன் போட்டோம். முன் இடதுல "ஷ்ஷ்ஷ்"னு வந்தது. நடுவுல வந்தது. முன் வலதுல வந்தது. அடுத்தது பின் வலது. ஒண்ணும் இல்ல. அப்படியே சுத்திப் பின் இடதுக்குப் போயிடுச்சு. மறுபடி ஒரு சுத்து விட்டோம். பின் வலது வர்றப்ப ரெண்டு பேரும் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கிறோம், ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது.

ஒயரா, ஸ்பீக்கரா, ஆம்பான்னு பார்க்க, பின் இடது ஸ்பீக்கரோட பிளக்கை உருவி வலது துவாரத்துல சொருகினேன். நல்லாப் பாடிக்கிட்டிருந்த ஸ்பீக்கரும் ஊமை. வலது ஸ்பீக்கரை இடதுல சொருகினா அது "ஷ்ஷ்ஷ்"ங்குது. ஆக ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, பெட்டிக்குள்ள அந்த ஒரு சேனல் செத்துப்போச்சு.

அங்கிள் கொஞ்ச நேரம் அந்த ஸ்பீக்கரையே பார்த்தார். "வீடு மாறி நாலு வருஷமாச்சு தம்பி. அப்பலேருந்தே இந்தப் பக்கம் சத்தம் இல்லையா? நான் கவனிக்கவே இல்லையே"ன்னார். ஆன்ட்டி அடுப்படியிலேருந்து "நான் அப்பவே சொன்னேன்"ன்னாங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல.

120 வெள்ளிக்குத் தர்றேன்னார். கோப்பி குடிச்சுட்டு, மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பெட்டியில எச்டிஎம்ஐ பழசு. 4கே பிளேயரை அது வழியா விட்டு டிவிக்குக் கொண்டுபோக முடியாது.

சந்தேகப்பிராணி · சனி, மாலை 5:41

நாலு வருஷம்! ஒரு ஸ்பீக்கர் செத்ததே தெரியல! இதுக்குத்தான் ரெண்டு போதும்னு தொண்டை கிழியச் சொன்னேன். வழக்கை முடிச்சுக்கலாமா?

பொங்கோல் அக்கா · சனி, மாலை 6:10

முடிக்க முடியாது. அவர் டிவி செட்டிங் என்னவா இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? எங்க வீடு மாதிரி பிசிஎம்மாத்தான் இருந்திருக்கும். ஸ்டீரியோதான் போயிருக்கும், பின்னாடி ரெண்டுக்கும் வேலையே இருந்திருக்காது. ஒழுங்கா 5.1 போட்டு ஒரு மழைக் காட்சி விட்டிருந்தா பாதி மழைதான் பெய்யுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

தேக்கா அண்ணன் · சனி, இரவு 7:00

அக்கா சொல்றது நடக்கக்கூடியதுதான். ஆனா சந்தேகப்பிராணி சொல்றதையும் முழுக்கத் தள்ள மாட்டேன். படத்தோட சத்தத்துல பெரும்பகுதியை முன்னாடி மூணு ஸ்பீக்கர்தான் தூக்குது. முன்னாடி நொண்டினா, பின்னாடி எவ்வளவு மழை பெய்ஞ்சும் பிரயோஜனம் இல்ல.

புதுசா வாங்குறதுன்னா அந்தப் பெட்டி ரகம் கடையில கிட்டத்தட்ட அத்துப்போச்சு தம்பி. எல்லாம் சவுண்ட்பாருக்கு, அதாவது டிவிக்குக் கீழ வைக்கிற நீளப் பெட்டி ஸ்பீக்கருக்கு, மாறிடுச்சு. ஆனா பாரோட நிஜமான பின் ஸ்பீக்கரும் சேர்ந்து வர்ற ரகம் இருக்கு, அதைத்தான் பாருங்க. சோனியில எச்டி-எஸ்20ஆர்னா பின் ஸ்பீக்கருக்கு முன்னாடியிலேருந்தே ஒயர் இழுக்கணும். எஸ்40ஆர்னா பின்னாடி தனி ஆம்ப் பெட்டி, அக்கா சொன்ன அந்த "வயர்லெஸ்". ஜேபிஎல் பார் 1000ல பின் ஸ்பீக்கர் ரெண்டும் பாரோட ரெண்டு முனையிலேருந்து கழண்டு வரும், பேட்டரியில ஓடும், படம் முடிஞ்சதும் மறுபடி மாட்டிச் சார்ஜ் போட்டுக்கலாம். ஒயரே ஆகாதுங்கிற மனைவி இருந்தா அது ஒரு வழி, ஆனா விலை வேற உயரம்.

ஒரே பார்ல "வர்ச்சுவல் சரௌண்ட்" வாங்காதீங்க. அது பெரும்பாலும் சுவத்துல ஒலியை அடிச்சுத் திருப்பி ஏமாத்துற வித்தை. உங்க வலது பக்கம் சுவரே இல்லையே, எதுல பட்டுத் திரும்பும்? அடுப்படியில பட்டு சாம்பார்ல விழும்.

இணைப்புக்கு டிவியில ஏஆர்சின்னு (டிவி சத்தத்தைப் பாருக்கு அனுப்புற வழி) போட்ட எச்டிஎம்ஐ துவாரம் எதுன்னு பார்த்து அதுலயே சொருகுங்க. இஏஆர்சின்னு இருந்தா இன்னும் நல்லது. ஓடிடி படத்துக்குச் சாதா ஏஆர்சியே போதும். டால்பி ட்ரூஎச்டி மாதிரி தரம் குறையாத ஒலியை வட்டுலேருந்து டிவி வழியா எடுக்கணும்னாத்தான் இஏஆர்சி அவசியம்.

கம்பிக்காரன் · சனி, இரவு 7:22

புதுசாக் கடையில வாங்கினா இன்னொரு லாபம். 2012 செப்டம்பர்லேருந்து லெமன் சட்டம் இருக்கு. வாங்கி 6 மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா, குடுத்தப்பவே இருந்த பழுதுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லைன்னு கடைக்காரர்தான் காட்டணும். கேரோசெல்லில் வீட்டுக்காரர்கிட்ட வாங்கினா அது கிடையாது. பிடோக் அங்கிள் மாதிரி நல்லவராப் பார்த்து வாங்கிக்க வேண்டியதுதான்.

ரசீதைப் போட்டோ எடுத்து வைங்க. அந்த வழவழத் தாள்ல அடிச்ச எழுத்து நாளாக நாளாக மறைஞ்சுடும்.

தெங்காவாசி · ஒரு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:15

வாங்கியாச்சு. பாரு, சப்பு, பின்னாடி ரெண்டு ஸ்பீக்கரோட ஒரு ஆம்ப் பெட்டி. மாடல் பேர் போட்டா சந்தேகப்பிராணி சண்டைக்கு வருவார், வேண்டாம்.

கடையில போட்டுக் காட்டினது வழக்கம்போல வெடிச் சத்தமும் ஹெலிகாப்டரும். நான் சத்தத்தை நல்லாக் குறைக்கச் சொல்லி, போன்ல வச்சிருந்த ரெண்டு பேர் மெதுவாப் பேசுற காட்சியைப் போட்டேன். மூணு செட்டுல ரெண்டு அங்கேயே விழுந்துடுச்சு, பேசுறது கம்பளிக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருந்தது. கடைப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

வீட்டுல சோபாவை 40 சென்டிமீட்டர் கேட்டு, 25 வாங்கினேன். அந்த இடுக்குலயே ஆம்ப் பெட்டியும் ஒயரும் மறைஞ்சுடுச்சு, மனைவி கேஸ் முடிஞ்சது. சப்புக்கு அடியில ரப்பர் பட்டை போட்டு, கீழ் வீட்டு மலாய்க்கார அம்மாகிட்டப் போய்ச் சத்தம் வருதான்னு கேட்டேன். வரலன்னு சொல்லி, ஒரு தட்டு கோரேங் பீசாங் (பொரிச்ச வாழைப்பழம்) குடுத்து அனுப்பினாங்க.

டிவி பிசிஎம்லதான் இருந்தது, அக்காவுக்கு நன்றி. நடுவை 4 ஏத்தினேன். அம்மா முழு நாடகத்தையும் பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லல. இந்த வீட்டுல அதுதான் பாராட்டு. அப்பா ஸ்டீரியோ பட்டனைக் கத்துக்கிட்டார், இப்ப எந்நேரமும் அதுலயே விட்டுட்டுப் போயிடுறார். நான் படம் போடுறப்ப மழை முன்னாடி மட்டும் பெய்யுது, எழுந்து போய் மாத்தணும்.

ஒரே குறை வலது பக்கம். இப்போதைக்கு ஸ்பீக்கரைச் சாப்பாட்டு நாற்காலி மேல ரெண்டு தொலைபேசிப் புத்தகத்தை அடுக்கி வச்சிருக்கேன். யார்கிட்டயாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு ஸ்டாண்ட் இருக்கா? ஒண்ணு போதும்.

பழைய ஆம்ப் · ஞாயிறு, இரவு 9:48

பல்லி செத்த செட்டின் ஸ்டாண்டுகள் என்னிடம் இரண்டு உள்ளன. தூக்கிப் போட மனம் வரவில்லை. காசு வேண்டாம். புதன் மாலை தோ பாயோ எம்ஆர்டிக்கு வர முடியுமா? அடிப்பலகை கனமாக இருக்கும், பை எடுத்து வாருங்கள்.

சந்தேகப்பிராணி · ஞாயிறு, இரவு 9:50

2025ல தொலைபேசிப் புத்தகம் எங்கேருந்து கிடைச்சது?

தெங்காவாசி · ஞாயிறு, இரவு 9:53

அப்பாவோடது. ஸ்டாண்ட் வந்ததும் பத்திரமாத் திருப்பிக் குடுக்கணுமாம். புதன் 7 மணிக்கு வர்றேன் ஐயா.